சேணம் மாறியதும் குதிரையின் நடை மாறியதைப் பார்த்தவர்கள் உண்டா?

கோவை ரைடர்:
நான் பழகிய இடத்தில் ஒரு பெண்குதிரை, ரேஸிலிருந்து வந்த தரோபிரெட். வலப்பக்கம் கேண்டர், அதாவது மெதுவான பாய்ச்சல் கேட்டால் போவாள். இடப்பக்கம் கேட்டால் காதை மடக்கிக்கொண்டு டிராட்டிலேயே (துள்ளோட்டத்திலேயே) வேகத்தைக் கூட்டுவாள். "சோம்பேறிக் கழுதை, சவுக்கை எடு" என்பார் மாஸ்டர். ஒருநாள் அவளுடைய சேணம் தையலுக்குப் போயிருந்தது, மூலையில் கிடந்த பழையது ஒன்றைப் போட்டார்கள். ஒரு வட்டம் சுற்றியதுமே கழுத்தை நீட்டித் தலையை இறக்கினாள். தோளிலிருந்து முன்கால் அப்படி நீண்டு வந்து நான் பார்த்ததே இல்லை. இடப்பக்கம் கேண்டர் கேட்டேன், உடனே எடுத்தாள்.

அப்புறம் அவளுடைய சேணம் தையலிலிருந்து திரும்பி வந்தது, பழைய சண்டையும் வந்தது. இறக்கும்போது கவனித்தேன். முதுகெல்லாம் வியர்வை. விதர்ஸுக்கு, அதாவது கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு, இடப்பக்கத் திட்டில் வெள்ளை முடி. மாஸ்டரிடம் காட்டினால் "அது பிறவி அடையாளம்பா" என்றார். பிறவி அடையாளம் சரியாக ட்ரீ (சேணத்துக்குள் இருக்கிற கெட்டியான சட்டம்) முனைக்குக் கீழே வந்து உட்காருமா? இன்னும் அவள்மேல் அந்தச் சேணம்தான் ஏறுகிறது என்று கேள்வி.

அந்தியூர் மார்வாரி:
நம்ம ஊர் ஆடிச் சந்தையில் வாங்கிய மார்வாரி. விதர்ஸ் கூர்மையாக உயர்ந்திருக்கும், முதுகு ஒடுக்கம். கான்பூர் சேணம் ஒன்று வாங்கிப் போட்டேன். நான் ஏறியதும் முன்பக்கம் தொப்பென்று இறங்கி விதர்ஸ்மேல் உட்கார்ந்துவிட்டது, இடையில் ஒரு விரல்கூட நுழையவில்லை. குதிரை முதுகைக் குழித்து, தலையை வானத்துக்குத் தூக்கி, குட்டிக் குட்டி எட்டாக வைத்தது. அருமையாக ரேவால், அதாவது குலுங்காத மார்வாரி நடை போகிற குதிரை அது. "மார்வாரின்னா தலை தூக்கத்தான் செய்யும்" என்றார்கள். கம்பளியை மடித்து முன்பக்கம் கொடுத்தேன், ரேவால் திரும்பி வந்தது. ஒரு பேட் போட்டால் தீர்கிற விஷயம் சகோ, இதற்குப்போய் ஏன் இவ்வளவு கவலை?

லாயத்துக்காரன்:
அந்தியூர் அண்ணா, உங்கள் சேணம் அகலம், அதனால் பேட் வேலை செய்தது. கோவைக்காரர் சொல்வது ஒடுக்கமான சேணம். அதற்குள் பேட் வைப்பது கடிக்கிற ஷூவுக்குள் தடிமனான சாக்ஸ் போடுவது மாதிரி. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

கோவைக்காரருக்கும் ஒன்று. காய்ந்த திட்டு என்றாலே அழுத்தம் என்று முடிவு கட்டக் கூடாது. சேணம் தொடவே தொடாத இடமும் காய்ந்துதான் இருக்கும். அங்கே வெள்ளை முடியும் இருப்பதால்தான் உங்கள் சந்தேகத்தை ஏற்கிறேன்.

என் கதை சின்னது. எங்கள் லாயத்தில் ஒரு குதிரைக்குச் சேணம் எப்போதும் வலப்பக்கமே சரியும். திணிப்பைப் பிரித்துக் கம்பளி மாற்றியும் சரிந்தது. கடைசியில் டாக்டர் பார்த்தார். கோளாறு பின்னங்காலில், கண்ணுக்குத் தெரியாத அளவு நொண்டல். இங்கிலாந்தில் குதிரை மருத்துவர் சூ டைசன் குழுவினர் 2013-இல் இதையேதான் ஆய்ந்து எழுதினார்கள். சேணத்தால் நடை கெடும், நடையாலும் சேணம் சரியும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குதிரைக்கு நம்மைப் போலக் காறை எலும்பு கிடையாது. முன்காலை உடம்போடு பிடித்து வைத்திருப்பது தசைதான். கால் முன்னே போகும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்பக்கம் சுழன்று வரும். ட்ரீ முனை அங்கே மறித்து நின்றால் குதிரை எட்டைச் சுருக்கிக்கொள்ளும், திருப்பத்தில் இன்னும் மோசம். அதனால் சேணத்தைக் கொஞ்சம் முன்னே வைத்து, முடி படிகிற திசையில் பின்னால் நகர்த்துங்கள், தானாக நிற்கிற இடம்தான் அதன் இடம். பேட் இல்லாமல் வைத்து அடியில் கையை விட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் இடைவெளி இருந்தால் ஆள் எடை முழுக்க நாலு மூலையில் இறங்குகிறது என்று அர்த்தம். பின்முனை கடைசி விலாவை, அதாவது 18-ஆவது விலாவைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் எடை தாங்க விலா இல்லை. நின்றபடி பார்த்ததோடு விடாதீர்கள், ஆள் ஏறிய பிறகும் பாருங்கள். தசை ஏறினாலும் இறங்கினாலும் முதுகின் வடிவமே மாறிவிடும், போன வருடம் பொருந்தியது இந்த வருடம் பொருந்தாது. கர்த்தை (வயிற்றுப் பட்டையை) இறுக்கிச் சரிசெய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நுவரெலியா:
18-ஆவது விலா என்றதும்தான் எழுதத் தோன்றியது. இங்கே கிரகறி வாவிக் கரையில் சவாரிக்கு நிற்கிற ஒரு குட்டையான மட்டக் குதிரையில் பெரிய ஆளுக்கான சேணம். பின்பாதி இடுப்பில் கிடந்து ஒவ்வொரு எட்டுக்கும் எம்பி எம்பி அடித்தது. குதிரை பின்னங்கால்களை உள்ளே மடக்கி, கூனிக்கொண்டுதான் நடந்தது. ஏறியிருந்த பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது, எனக்குப் பார்க்க ஏலவில்லை. ட்ரீ இல்லாத சேணம் வாங்கினால் இந்தப் பிரச்சினையே வராதல்லோ?

லாயத்துக்காரன்:
வேறு பிரச்சினை வரும். ட்ரீ இல்லாவிட்டால் எடையைப் பரப்ப ஆள் இல்லை, உட்கார்ந்த இடத்துக்கும் அங்கவடி தொங்குகிற இடத்துக்கும் நேர் கீழே குவியும். லேசான ஆள், குறைந்த நேரம் என்றால் சரி. ரேஸ் சேணத்தைக் காட்டி வாதிட வேண்டாம். அது ஒரு கிலோகூட இருக்காது, ஆனால் ஜாக்கி அதில் உட்காருவதே அபூர்வம், அங்கவடியில் எழுந்து நிற்பார்.

அந்தியூர் மார்வாரி:
அண்ணா, பேட் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் குதிரைக்கு இப்போதும் அதே கம்பளிதான், நடையும் நன்றாகத்தான் இருக்கிறது.

லாயத்துக்காரன்:
இருக்கட்டும் அண்ணா. கம்பளி முன்னே தூக்கினால் உங்கள் எடை பின்னே போகும். சவாரி முடிந்ததும் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள், பின்பக்கம் வரும்போது குதிரை வலியில் முதுகைக் குழிக்கிறதா என்று பாருங்கள்.

கோவை ரைடர்:
அந்த வெள்ளை முடி மறுபடி பழுப்பாகுமா?

லாயத்துக்காரன்:
பெரும்பாலும் ஆகாது. நிறம் கொடுக்கிற செல்லே செத்திருக்கும். ஆனால் சேணத்தை மாற்றினால் நடை திரும்பும், அதை நீங்களே பார்த்துவிட்டீர்களே. மாஸ்டரிடம் பேசிப் பயன் இல்லையென்றால் ஓனரிடம் நேரே பேசுங்கள். இரண்டு சேணத்திலும் அவள் கேண்டர் போவதை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.