பீர் சோப்பு: சட்டியிலேயே இறுகுகிறது, அச்சில் போட்டால் நடுவே வெடிக்கிறது

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம். கோல்ட் ப்ராசஸ் முறையில் (அடுப்பில் வேகவைக்காமல்) செய்யும் சோப்பில் தண்ணீருக்குப் பதில் பீர் சேர்க்கிறேன். 1 கிலோ எண்ணெய்க்கு என் அளவு: தேங்காய் எண்ணெய் 300 கிராம், தவிட்டெண்ணெய் 350, ரேஷன் பாமாயில் 250, விளக்கெண்ணெய் 100. காஸ்டிக் சோடா 142, பீர் 285 கிராம். டாஸ்மாக் ஸ்ட்ராங் பீர்தான். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, கேஸ் போன பிறகே எடுக்கிறேன்.

காஸ்டிக்கைப் போட்டதும் நுரை பொங்கி, கருகின ரொட்டி வாடை வருகிறது. எண்ணெயில் ஊற்றி ஸ்டிக் பிளெண்டரை வைத்தால் பத்து எண்ணுவதற்குள் களி மாதிரி இறுகிவிடுகிறது. அமுக்கி அச்சில் போட்டு, துண்டு சுற்றி மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் நடுவில் மேடு கட்டி நீளவாக்கில் வெடிக்கிறது. கலக்கும்போது சூடு 45 டிகிரி. கணக்கில் தப்பா, பீரில் தப்பா?

காரக்கணக்கு:
கணக்கில் தப்பில்லை. ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை கிராம் காஸ்டிக் வேண்டும் என்ற எண்ணால் பெருக்கவேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு 0.183, தவிட்டெண்ணெய்க்கு 0.133, பாமாயிலுக்கு 0.142, விளக்கெண்ணெய்க்கு 0.128 என்று பெருக்கிக் கூட்டினால் காஸ்டிக் 149.7 கிராம் வருகிறது. சூப்பர்ஃபேட்டுக்காக, அதாவது கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சுவதற்காக, 5% கழித்தால் 142. சரியாக இருக்கிறது.

தப்பு பீரைத் தயார் செய்வதில். ராத்திரி திறந்து வைத்தால் கேஸ்தான் போகும், ஆல்கஹால் அப்படியே இருக்கும். ஸ்ட்ராங் பீரில் 7% என்று வைத்துக்கொண்டாலும் 285 கிராமில் சுமார் 15 கிராம் ஆல்கஹால். அது எண்ணெயையும் காரத்தையும் (காஸ்டிக் கரைசல்) சட்டென்று ஒன்றோடொன்று கலக்க வைக்கிறது. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் சோப்பு செய்கிறவர்கள் வேண்டுமென்றே ஆல்கஹால் சேர்ப்பார்கள். உங்கள் சட்டியில் அது வேண்டாத வேகம். நுரை பொங்கியதற்கு மிச்சமிருந்த கேஸும், காஸ்டிக் கரையும்போது எழும் சூடும் சேர்ந்து காரணம். வாடை, அந்தச் சூட்டில் பீரின் சர்க்கரை கருகுவது.

இப்படிச் செய்து பாருங்கள். 330 மில்லி லைட் பீர் ஒரு பாட்டில். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, முதலில் கரண்டியால் நன்றாக அடித்துக் கேஸை வெளியேற்றுங்கள். பாத்திரம் பீரைப் போல மூன்று மடங்கு கொள்ளவேண்டும், முதல் கொதியில் பால் போலப் பொங்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, மூடி போடாமல் சிறு தீயில் பாதிக்கும் கீழே வற்றவிடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆறியதும் வடிகட்டி, தராசில் 142 கிராம் நிறுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். 142-க்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் சேர்த்து எடையைச் சரி செய்யலாம்.

முக்கியமான மாற்றம் இதுதான்: காஸ்டிக்கைப் பீரில் கரைக்கவே கரைக்காதீர்கள். 142 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் 142 கிராம் காஸ்டிக். சம எடைக்கு முழுதாகக் கரையும், ஆனால் பயங்கரமாகக் கொதிக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடவேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. எவர்சில்வர் அல்லது அடியில் 5 என்று போட்ட பிளாஸ்டிக் டப்பா. அலுமினியம் கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயு கிளப்பும். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டால் குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள், வினிகர் ஊற்றாதீர்கள்.

காரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். நம்மூரில் அது உறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம், இந்தச் செறிவில் 12 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கட்டிதட்டும். எண்ணெயில் குளிர்ந்த பீரை ஊற்றி ஒரு சுற்று அடித்துவிட்டு, பிறகு காரம். உங்கள் எண்ணெய்கள் நான்கும் சென்னை வெயிலில் திரவமாகவே இருப்பவை, 45 டிகிரிக்குச் சுடவைக்கத் தேவையே இல்லை. 30 முதல் 33 வரை போதும். பிளெண்டரை ஐந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல், நடுநடுவே கையால் கிளறுங்கள். கோடு இழுத்தால் மேலே லேசாகத் தெரியும் பதம் வந்ததும் நிறுத்திவிடவேண்டும்.

வெடிப்புக்குக் காரணம் துண்டு. பீரில் மிச்சமிருக்கும் சர்க்கரை, சோப்பு சூடேறிக் கூழாக இளகும் ஜெல் நிலையில் கூடுதல் சூட்டைக் கிளப்புகிறது. அதன்மேல் போர்த்தினால் நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் மேடு கட்டும். குளிர்நாட்டுச் செய்முறையில்தான் போர்த்தச் சொல்வார்கள், மே மாதச் சென்னையில் நேரெதிராகச் செய்யவேண்டும். அச்சு ஒரு கம்பித் தட்டின் மேல், ஃபேன் ஓடட்டும். இன்னும் நம்பிக்கையாக வேண்டுமென்றால் 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில். ஒரு கிலோ நீளக்கட்டியைவிடச் சிறிய சிலிகான் அச்சுகள் சூட்டைச் சீக்கிரம் விடும்.

தறிநிழல்:
ஒரு குறுக்கு வழி. ஆல்கஹால் இல்லாத பீர் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கிறது. அதை வாங்கினால் ஆல்கஹாலைப் போக்க வேண்டிய வேலை குறைவு, கேஸை மட்டும் அடித்து, வற்றவைத்தால் போதும். ஆனால் லேபிளைப் பாருங்கள். ஆப்பிள், எலுமிச்சை சுவை போட்ட மால்ட் பானங்களில் சர்க்கரை நிறைய சேர்த்திருப்பார்கள், அதை வற்றவைத்தால் பாகுதான் கிடைக்கும், சோப்பும் அதிகமாகச் சூடேறும். சுவை சேர்க்காத வகைதான் வேண்டும்.

மடிப்பாக்கம்வாசி:
ரொம்ப நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். முந்தைய சோப்புகள் எங்கள் போர் தண்ணீரில் வெள்ளையாகத் திரிகின்றன, பக்கெட்டில் படிகிறது. வாசனைக்கு கிராம்பு எண்ணெய் போட்டேன், அதுவும் இறுகலுக்குக் காரணமா? வெடித்த கட்டியைத் தூக்கி எறியணுமா?

வாஞ்சிலா:
கிராம்பும் இறுக வைக்கும் அக்கா. யூஜினால்ங்கற வாசனைப் பொருள் அதிகமுள்ள எண்ணெய், பீர் இல்லாமலே ட்ரேஸை (கலவை கெட்டியாகிற பதத்தை) ஓட்டிடும். பட்டை எண்ணெயும் அப்படியே. அதுக்குப் பதிலா ஆரஞ்சு, கொஞ்சம் பச்சோலி. 1 கிலோவுக்கு மொத்தம் 25 கிராமுக்குள்ள, கடைசியில கையால கலக்குங்க. வெனிலா போட்டா பழுப்பு இன்னும் அடர்த்தியாகும், தெரிஞ்சே போடறதுன்னா பரவாயில்லை. பீர் வாசனை மட்டும் எதிர்பார்க்காதீங்க, க்யூரிங்ல (சோப்பைக் காய வச்சு முதிர விடறதுல) போயிடும். மிஞ்சறது சர்க்கரையும் மாவுச்சத்தும் தர்ற பட்டு மாதிரி நுரை, அப்புறம் அந்த இளம்பழுப்பு நிறம். தோலுக்கு வைட்டமின் கிடைக்கும்னு சொல்றதை நம்ப வேண்டாம், காரத்தைத் தாண்டி அதெல்லாம் நிக்காது.

போர் தண்ணீர்க்கு சிட்ரிக் ஆசிட். 10 கிராம் எடுத்தா அது 6.2 கிராம் காஸ்டிக்கைச் சாப்பிடும், அதனால 142-ஐ 148 ஆக்குங்க. சிட்ரிக் ஆசிட்டை முதல்ல டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சிட்டு அப்புறம் காஸ்டிக். தண்ணியில இருக்கற கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கறதால திரியறது குறையும், பழைய எண்ணெய் வாடை வர்றதையும் தள்ளிப் போடும். டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்குல பேட்டரிக்குன்னு விக்கிறதே போதும், ஆசிட் பாட்டிலை மாத்தி வாங்கிடாம பாருங்க. காஸ்டிக்கை பாரிமுனை கெமிக்கல் கடையில வாங்கினா, காற்றுப் புகாத டப்பாவுல வச்சு, திறந்து நிறுத்ததும் உடனே மூடுங்க. இந்த ஈரக்காத்துல நாலஞ்சு நிமிஷத்துல பிசுபிசுத்துடும், எடை ஏமாத்தும்.

ரேஷன்ல வர்றது பாமாயிலின் திரவப் பகுதி, அதனால சோப்பு கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். சூப்பர்ஃபேட் 5%-க்கு மேல போகாதீங்க, தவிட்டெண்ணெய் கெட்டுப்போய் சோப்புல ஆரஞ்சுப் புள்ளி விழற எண்ணெய். க்யூரிங் 6 வாரம், இரும்புக் கம்பித் தட்டுல வேண்டாம், மரம் இல்லேன்னா பிளாஸ்டிக் தட்டுல பட்டர் பேப்பர் விரிச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில கிளிசரின் ஈரத்தை இழுத்து மேல வேர்க்கும், துடைச்சு ஃபேனுக்குக் கீழ வைங்க, கெட்டுப் போகலை. ஒரு கட்டியை வாரா வாரம் எடை போடுங்க, ரெண்டு வாரம் மாறாம இருந்தா தயார்.

காரக்கணக்கு:
வெடித்ததை எறியவேண்டாம். 48 மணி நேரம் கழித்து வெட்டிப் பாருங்கள். உள்ளே எங்கும் ஈரப்பை இல்லாமல், ஒரே நிறமாக இருந்தால் சாதாரண சோப்பாகவே க்யூரிங் போடலாம். நடுவில் இருண்ட வட்டம் தெரிந்தால் அது பாதி ஜெல் ஆனதன் அடையாளம், அழகு மட்டும் குறையும். வெட்டும்போது பளபளவென்று நீர்க்கசிவு கண்டால் அது பிரிந்துபோன காரமாக இருக்கலாம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்தக் கட்டிகளைத் துருவி, 1 கிலோவுக்கு 50 கிராம் தண்ணீர் விட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் மூடிப்போட்டு ஒன்று, ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். வாசலின் மாதிரி ஒளி ஊடுருவும் பதம் வந்ததும் அச்சில் அழுத்திவிடலாம்.