மேலே தார் போட்டால் போதுமா, அடித்தளமே போய்விட்டதா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் எங்கள் லேஅவுட் உள்சாலை, தண்ணீர் லாரி ஓடி ஓடி இரண்டு சக்கரத்தடமும் பள்ளமாகி, முதலைத் தோல் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. மழை விட்ட மறுநாள் வெடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் நிறச் சேறு. லாரி ஏறும்போது அது பிதுங்கி வருவதைக் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன், வாட்ச்மேன் சிரித்தார்.

ஒப்பந்தக்காரர் மேலே 40 மில்லிமீட்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போன தடவையும் இதே பாட்டுதான், இரண்டு மழைகூடத் தாங்கவில்லை. அடியிலிருக்கும் ஜல்லிக்குள் மண் ஏறிவிட்டால் எவ்வளவு தார் போட்டும் வீண்தானே?

ஐஆர்சி 81 (இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூல்) சொல்கிற பெங்கெல்மேன் பீம் சோதனை, அதாவது பின்னச்சில் 8170 கிலோ ஏற்றிய லாரியை நிறுத்தி, நகர்த்தி, சாலை எவ்வளவு மீள்கிறது என்று அளப்பது, இந்தச் சின்னச் சாலைக்குச் செய்து தருவார்களா? எடையை விழவைத்துச் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் எஃப்டபிள்யூடி வண்டியெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. இல்லை, இரண்டு மூன்று இடத்தில் குழி தோண்டி, 8 கிலோ சுத்தியலால் அடித்து இறக்கி, அடிமண் எவ்வளவு உறுதி என்று பார்க்கும் டிசிபி கம்பியே போதுமா? குழியில் ஜல்லியின் கனம், ஈரம் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

சிவில் ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க, இங்கே நல்ல லேப் தெரிந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம், அதற்குள் பதில் வந்தால் செக் போடுவதை நிறுத்திவைக்கலாம்.