பிஐஆர் சென்சாரை ‘செயலற்ற உணரி’ என்று சொல்லலாமா? வீட்டுக் காவல் கருவிகளுக்கான சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுப் பாதுகாப்புக் கருவிகள் வாங்கப்போகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். எந்த அறைக்கு எந்தச் சென்சார், வாசலுக்கு எப்படிப்பட்ட கேமரா என்று அவர்களே முடிவெடுக்க உதவ வேண்டும் என்பது எண்ணம். இந்தக் கருவிகளைப் பொருத்துவதுதான் என் தொழில். கேமரா, அலாரம், சைரன், பேட்டரி இவற்றை அப்படியே எழுதிக்கொள்கிறேன், யாருக்கும் குழப்பமில்லை. அறைக்குள் ஆள் அசைந்தால் பிடிக்கும் பிஐஆர் (பாசிவ் இன்ஃப்ராரெட்) சென்சாரில்தான் வந்து நிற்கிறேன்.

இதைப் பலர் ‘செயலற்ற அகச்சிவப்பு உணரி’ என்று எழுதுகிறார்கள். வாங்க வருகிறவர் இதைப் படித்தால் பழுதான கருவி என்றுதான் நினைப்பார். அந்தக் கருவியோ பேட்டரி இருக்கும்வரை கண்மூடாமல் விழித்திருப்பது. தானாக எந்தக் கதிரையும் வெளியே அனுப்பாது, வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தக் குணத்தைச் சொல்ல வந்த ‘பாசிவ்’ என்ற அடைமொழி தமிழில் செயலின்மையாகிவிட்டது.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், சொல் அதிலிருந்து வரட்டும். முன்பக்கத்து வெள்ளை பிளாஸ்டிக் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருப்பது தெரியும். ஒவ்வொரு கட்டமும் அறையின் ஒரு கீற்றை மட்டும் பார்க்கும். வில்லைக்குப் பின்னால் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஓர் உலோகக் குப்பி; அதன் சாளரத்துக்குள் இரண்டு உணர்பட்டைகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுக்க மெல்லச் சூடேறினால் இரண்டிலும் ஒரே அளவு மாற்றம், ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஆள் குறுக்கே நடந்தால் அவர் உடல்வெப்பம் முதலில் ஒரு பட்டையிலும் பிறகு மற்றதிலும் விழும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி பிடிக்கிறது. நம் உடல் வெளிவிடும் அகச்சிவப்பு 9, 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி உச்சமாக இருக்கும். கருவியும் அதைச் சுற்றிய அலைகளுக்கே ஒத்துக்கொடுக்கும்.

இது புரிந்தால் எங்கே பொருத்துவது என்பதும் புரிந்துவிடும். வாசலுக்கு நேர் எதிரே வைத்தால் உள்ளே வருகிறவர் கருவியை நோக்கியே நடப்பார், கீற்றுகளைக் குறுக்கே கடக்கமாட்டார், கருவி தாமதமாகத்தான் விழிக்கும். பக்கச் சுவரின் மூலையில் வைத்தால் முதல் இரண்டு எட்டிலேயே பிடித்துவிடும். சன்னலுக்கு வெளியே நடப்பவரை அது பார்க்காது, ஏனென்றால் கண்ணாடி அந்த அலைநீளத்தை விடாது. வெயில் உச்சத்தில் அறையின் சூடு உடல்சூட்டை நெருங்கினால் கருவியின் கூர்மை குறையும். ஏசியின் காற்றும் நேர்வெயிலும் அதன்மேல் விழக்கூடாது.

ஆகவே வெப்பம், அசைவு இரண்டும் சொல்லில் இருக்க வேண்டும். ‘உணரி’ ஏற்கெனவே வேரூன்றிய சொல். ‘வெப்பசைவுணரி’ என்று வைக்கலாமா? உங்கள் கருத்து வேண்டும்.

———

பொருள்: மறு: பிஐஆர் சென்சாரை ‘செயலற்ற உணரி’ என்று சொல்லலாமா?

தம்பிக்கு வாழ்த்துகள்.

‘செயலற்ற’ கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. மின்னணுப் பாடத்தில் மின்தடையையும் மின்தேக்கியையும் பற்றிப் பேசும்போது அந்த அடைமொழி வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கேயே அது அரைகுறைப் பொருத்தந்தான். காவலுக்கு நிற்கும் கருவிக்கு அது அறவே ஆகாது.

ஆனால் தாங்கள் தந்த சொல்லில் புணர்ச்சி இடிக்கிறது. வெப்ப என்பதோடு அசைவு சேர்ந்தால் இடையில் வகர உடம்படுமெய் வரும், ‘வெப்பவசைவுணரி’ ஆகும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நடுவில் ‘வசை’ வந்து நிற்கிறது. உடம்படுமெய்யை விட்டுவிட்டு எழுதினால் எழுத்துப் பிழை என்பார்கள். நல்ல சொல்லுக்கு முதல் சோதனை நாக்கு.

‘வெப்பநகர்வுணரி’ என்றால் ஓசை சீராக வருகிறது. ‘உமிழா உணரி’ என்றும் ஒன்று தோன்றியது. ஒளியையும் கதிரையும் உமிழாதது என்பது தாங்கள் விளக்கிய குணத்துக்குச் சரியாக இருக்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக இலக்கணத்திலும் கச்சிதம். ஆனால் பயன்படுத்துகிறவருக்கு அது என்ன செய்யாது என்பதைச் சொல்கிறதே ஒழிய என்ன செய்யும் என்பதைச் சொல்லவில்லை. அதனால் வெப்பநகர்வுணரிக்கே என் வாக்கு.

———

பொருள்: மறு: மறு: பிஐஆர் சென்சாரை ‘செயலற்ற உணரி’ என்று சொல்லலாமா?

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

> ‘வெப்பநகர்வுணரி’ என்றால் ஓசை சீராக வருகிறது.

ஓசை சரி ஐயா. ஆனால் இயற்பியல் படித்த யாரும் ‘வெப்பநகர்வு’ என்பதை வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது என்றே எடுத்துக்கொள்வார்கள். கரண்டிக் காம்பு சூடாகிறதே, அது. நான் கருவிக் கையேடுகளை மொழிபெயர்ப்பவள். இந்தச் சொல்லை எழுதினால் அடுத்த பக்கத்திலேயே விளக்கம் கேட்டு மடல் வரும்.

இதற்கு நம் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: நடமாட்டம். ‘ஆள் நடமாட்டமே இல்லாத வீடு’, ‘ராத்திரி ஏதோ நடமாட்டம் தெரிந்தது’ என்றுதானே சொல்கிறோம்? காற்றில் திரை ஆடுவதை யாரும் நடமாட்டம் என்பதில்லை. உயிருள்ள ஒன்று இங்குமங்கும் போவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ‘நடமாட்ட உணரி’ என்றால் படித்தவர், படிக்காதவர், முதியவர் எல்லாருக்கும் விளக்கமே தேவையில்லை. வகை சொல்ல வேண்டிய இடத்தில் முன்னொட்டு போடலாம்: வெப்ப நடமாட்ட உணரி, நுண்ணலை நடமாட்ட உணரி.

இன்னொன்று கேட்க வேண்டும். கேமராப் பெட்டிகளில் ‘30 மீட்டர்’ என்று போட்டிருக்கிறதே, அதைத் தமிழில் எழுதும்போதெல்லாம் கை தயங்குகிறது. ‘30 மீட்டர் வரை கண்டறியும்’ என்று எழுதினால் அந்தத் தொலைவில் வருகிறவரின் முகம் தெரியும் என்றே வாசகர் நம்புவார். மூலத்திலோ டிடெக்‌ஷன், ரெகக்னிஷன், ஐடென்டிஃபிகேஷன் என்று தனித்தனியாக இருக்கிறது. மூன்றையும் ‘கண்டறிதல்’, ‘அடையாளம் காணல்’ என்று மாற்றி மாற்றி எழுதி வருகிறோம். தம்பி, நீங்கள் தொழிலில் இருப்பவர், இதற்கு வழி சொல்லுங்கள்.

———

பொருள்: மறு: நடமாட்ட உணரி (கேமராத் தொலைவும் சேர்த்து)

அக்கா, நடமாட்ட உணரி! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கையேட்டில் இன்றே மாற்றிவிட்டேன். ஐயாவின் நாக்குச் சோதனையிலும் தேறும் என்று நம்புகிறேன்.

இந்தச் சொல்லால் எனக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இப்போது மில்லிமீட்டர் அலை ரேடார் வைத்த சென்சார்கள் வருகின்றன. ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதைக்கூட அவை பிடித்துவிடும். அது நடமாட்டம் இல்லை, இருப்பு. அதை ‘ஆளிருப்பு உணரி’ என்று தனியாகச் சொல்லலாம். வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்: வெப்ப நடமாட்ட உணரிக்கு முன்னால் ஒருவர் சிலைபோல் நின்றால் அதைப் பொறுத்தவரை அங்கே ஆளில்லை.

நுண்ணலை வகை தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதில் உள்ள மாற்றத்தைப் பார்க்கும். மெல்லிய தடுப்புச் சுவரையும் கண்ணாடியையும் அது ஊடுருவும், ஆகவே அடுத்த அறையில் சுற்றும் மின்விசிறிகூட அதை எழுப்பிவிடலாம். வெப்பமும் நுண்ணலையும் ஒரே கூட்டில் இருந்து, இரண்டும் ஒத்துக்கொண்டால் மட்டும் அலாரம் அடிக்கும் வகையை ‘இருசான்று உணரி’ என்று எழுதியிருக்கிறேன். பொய் அலாரம் தொல்லை தரும் இடங்களுக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

பெட்டியில் ‘25 கிலோ வரையுள்ள வளர்ப்புப் பிராணிகளைப் பொருட்படுத்தாது’ என்று இருப்பதையும் விளக்கியாக வேண்டும். கருவி எடை போடுவதில்லை. தரையை ஒட்டிய சிறிய வெப்பத் திட்டைக் கணக்கில் எடுக்காமல் விடும்படி வில்லையையும் கணக்கீட்டையும் அமைத்திருக்கிறார்கள். பூனை அலமாரி மேல் தாவினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். இதற்கு ‘பிராணி விலக்கு’ போதும்.

இனி கேமரா. அக்கா தொட்டது இந்தத் தொழிலின் மிகப் பெரிய ஏமாற்றத்தை. ஐஇசி 62676-4 என்ற உலகத் தரநிலையின் 2014 பதிப்பு, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை படப்புள்ளிகள் (பிக்சல்) விழுகின்றன என்பதை வைத்துப் படிகளைப் பிரித்தது. அவற்றில் வீட்டுக்கு வேண்டியவை நான்கு. 25 புள்ளி இருந்தால் ஏதோ ஆள் இருப்பது தெரியும். 62 ஒட்டி இருந்தால் உடை, நடை போன்ற விவரம் தெரியும். 125 இருந்தால் முன்பே பழகியவரை இன்னார் என்று சொல்லலாம். 250 இருந்தால்தான் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை ஐயமில்லாமல் அடையாளம் சொல்ல முடியும்.

வீட்டுக் கேமராக்களில் அதிகம் வருவது 2 மெகாபிக்சல், 2.8 மிமீ லென்ஸ். அகலவாக்கில் 1920 புள்ளிகள், பார்வைக் கோணம் சுமார் 100 பாகை. 1920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.68. காட்சியின் அகலம் 7.68 மீட்டரைத் தாண்டினால் முகம் போய்விட்டது என்று பொருள். 100 பாகைக் கோணத்தில் அந்த அகலம் வருவது கேமராவிலிருந்து சுமார் 3.2 மீட்டரில்! பழகியவரைத் தெரிவது 6.4 மீட்டர் வரை, உடை விவரம் 13 மீட்டர் வரை, ஆள் இருப்பது தெரிவது 32 மீட்டர் வரை. பெட்டியில் இருக்கும் பெரிய எண் இந்தக் கடைசிப் படியாக இருக்கலாம், அல்லது இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எட்டும் தூரமாக இருக்கலாம். முகத்துக்கும் அதற்கும் பத்து மடங்கு இடைவெளி.

இதையெல்லாம் நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் சுத்தமாக இருக்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இன்னும் குறையும். வாசற்கதவில் முகம் வேண்டும், கேமரா 8 மீட்டர் தள்ளித்தான் வைக்க முடியும் என்றால் மெகாபிக்சலைக் கூட்டுவதைவிட 6 மிமீ லென்ஸ் எடுப்பது நல்லது. கோணம் ஏறக்குறைய 50 பாகையாகச் சுருங்கி அதே 2 மெகாபிக்சலில் 8 மீட்டர் வரை முகம் கிடைக்கும். பக்கங்கள் விடுபடும், அதற்கு வேறொரு கேமரா. வாடிக்கையாளர் நம்பி வாங்கிப்போய், வேண்டிய நாளில் பதிவைத் திறந்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சாம்பல் கட்டங்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நேரான சொல் ஒன்று பெட்டியில் இருந்திருந்தால் அவர் வேறு லென்ஸ் கேட்டிருப்பார்.

வினைத்தொகையில் இப்படி வைத்துப் பார்க்கிறேன்:

தென்படுதொலைவு (25), தெரிதொலைவு (62), ஆளறிதொலைவு (125), முகமறிதொலைவு (250).

மீதிச் சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டேம்பர் சுவிட்சை ‘சேத உணரி’ என்று எழுதுவது தவறு. யாராவது கருவியின் மூடியைத் திறந்தாலோ சுவரிலிருந்து பெயர்த்தாலோ அலறுவதுதான் அதன் வேலை. ‘கை வைத்தல்’ என்று நாம் சொல்வது அதுவே. ‘கைவைப்பு உணரி’. கதவில் காந்தமும் சட்டத்தில் சுவிட்சுமாக இருப்பது ‘காந்தக் கதவுணரி’. கதவு திறந்தால் மின்மணி அடிக்கும் அமைப்புக்கு 1853-இலேயே அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்றுவிட்டார். அதில் திறக்கும்போது மின்சுற்று கூடி மணி அடிக்கும். இப்போது பெரும்பாலும் எப்போதும் மூடியிருக்கும் சுற்று; வயரை அறுத்தாலும் சைரன் கத்தும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சென்சார்களைக் காவலுக்கு விழிக்கவைப்பது ஆர்ம், நிறுத்துவது டிஸ்ஆர்ம். ஆர்முக்கு ‘ஆயுதமாக்கு’ என்று ஒரு செயலியில் பார்த்தேன். ‘காவலிடு’, ‘காவல் நீக்கு’ போதாதா?

———

பொருள்: மறு: மறு: நடமாட்ட உணரி (கேமராத் தொலைவும் சேர்த்து)

தம்பி, நான்கும் நன்று. வளர்பிறை, படர்கொடிபோல இயல்பாக வந்திருக்கின்றன. ‘தெரிதொலைவு’ மட்டும் பொதுச்சொல்லாகி மற்ற மூன்றையும் விழுங்கிவிடும்; எல்லாத் தொலைவிலும் ஏதோ ஒன்று தெரியத்தானே செய்கிறது? உடையும் நடையும் தெரியும் படி என்றால் ‘உருவறிதொலைவு’ எனலாம். உருவறி, ஆளறி, முகமறி என்று ஏணிப்படியாக வருவதால் எது நெருக்கம், எது தூரம் என்பது மறக்காது.

நடமாட்ட உணரியைப் பிரித்தே எழுதுக. சேர்த்தால் ‘நடமாட்டவுணரி’ ஆகும், பிழையன்று, ஆனால் பெட்டியில் சிறிய எழுத்தில் அச்சிட்டால் படிப்பவர் திணறுவார்.

காவலிடு, காவல் நீக்கு இரண்டும் ஏற்புடையவை. வீட்டுக்குள் ஆள் உறங்கும்போது கதவு சன்னல் உணரிகள் மட்டும் விழித்திருக்கும் நிலைக்கும், எல்லாரும் வெளியே போனபின் நடமாட்ட உணரிகளும் சேர்ந்து விழிக்கும் நிலைக்கும் பெயர் வேண்டுமே?

———

பொருள்: மறு: மறு: மறு: நடமாட்ட உணரி (கேமராத் தொலைவும் சேர்த்து)

ஐயா, உருவறிதொலைவை எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு நிலைகளுக்கும் ‘ஆளிருக்கக் காவல்’, ‘ஆளில்லாக் காவல்’ என்று வரைவில் போட்டிருக்கிறேன். பொத்தானில் இடம் குறைவு, ‘உள்காவல்’, ‘முழுக்காவல்’ என்று சுருக்கலாம். இரவில் தண்ணீர் குடிக்க எழுகிறவர் அரைத்தூக்கத்தில் பார்த்தாலும் எது அழுத்தியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் ‘முழுக்காவல்’ எனக்குப் பிடிக்கிறது. அக்கா, நீங்கள் கையேடுகளில் இந்தப் பொத்தான்களுக்கு எத்தனை எழுத்துக்குமேல் போகக்கூடாது என்று வைத்திருக்கிறீர்கள்? அதைச் சொன்னால் இரண்டையும் முடித்துவிடலாம்.