நோட்டு நிறையாத இரண்டாம் வகுப்பு: பாடம் நடக்கிறதா, விளையாட்டு மட்டும்தானா?

கொருக்குப்பேட்டைவாசி:

என் மகள் சென்ற ஆண்டு வரை எங்கள் பகுதியிலுள்ள ஒரு தனியார் நர்சரி பள்ளியில் படித்தாள். கட்டணம் கட்ட இயலாததால் இந்த ஜூன் மாதம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். பழைய பள்ளியில் நாள் தவறாமல் நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வருவாள். அடியில் சிவப்பு மையில் 'குட்' என்று இருக்கும். இங்கே முதல் பருவம் பாதிக்கு மேல் கடந்துவிட்டது, நோட்டில் சில பக்கங்களே எழுதப்பட்டிருக்கின்றன. இன்று என்ன நடந்தது என்று கேட்டால், பாட்டுப் பாடினோம், பொம்மை கதை சொன்னது, புளியங்கொட்டையைக் கூறு கட்டினோம் என்கிறாள். கணக்கில் 'மொட்டு' நிலையிலும் தமிழில் 'அரும்பு' நிலையிலும் அவளை வைத்திருக்கிறார்கள். அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்புப் பயிற்சி என்று பக்கத்து வீட்டார் சொன்னதும் என் மனைவிக்கு அன்றிரவு உறக்கமே இல்லை. நோட்டு நிறையவில்லை என்றால் பாடம் நடக்கவில்லை என்று கொள்ளலாமா? ஆசிரியையிடம் எழுத்து வேலை கேட்பது முறையா, அல்லது மாலையில் டியூஷனுக்கு அனுப்பிவிடுவது நல்லதா?

மாலைநேர வகுப்பு:

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. நான் தண்டையார்பேட்டையில் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். பாட்டை அபிநயத்துடன் பாடுகிறார்கள், கதையை முன்பின் மாறாமல் சொல்கிறார்கள், ஆனால் சொல்வதை எழுதச் சொன்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். 'மரம்', 'மறம்' ஆகிவிடுகிறது. 'பள்ளி' சில நேரம் 'பல்லி'யாகவும் வருகிறது. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247 எழுத்துகள் உள்ள மொழியில் கை பழகாமல் எழுத்து வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி குறைந்தால், வீட்டில் தாயோ தந்தையோ உட்கார வைத்து எழுத வைத்துவிடுவார்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போகிற தாய்க்கும், இரவுப் பணிக்குப் போகிற தந்தைக்கும் அந்த நேரம் கிடையாது. ஓர் அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் தம்பி தங்கைக்கும் நடுவே அந்தப் பிள்ளை எங்கே எழுதும்? அதற்குக் கிடைக்கிற ஒரே அமைதியான நேரம் பள்ளி நேரம்தான். அதையும் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் கொடுத்துவிட்டு, 'மகிழ்ச்சியான கற்றல்' என்று பெயர் வைத்தால், இழப்பு ஏழைப் பிள்ளைக்கு மட்டுமே.

கரும்பலகைக்கு அருகில்:

நான் வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைக் கையாளும் ஆசிரியை. டியூஷன் ஆசிரியர் சொல்லும் பிள்ளைகளை நானும் அறிவேன். ஆனால் அவர்கள் எழுதாததற்குக் காரணம் பாட்டுதான் என்ற முடிவை என்னால் ஏற்க இயலாது.

முதலில், இந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. எழுத்தையே பார்த்திராத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் வந்து அமர்ந்தார்கள். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலையிலிருந்தே கற்பிக்க முயன்றது. அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் அதில் வந்தவை. அவை பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் காட்டுகின்றனவே தவிர, அதன் அறிவுக்கு இட்ட மதிப்பெண் அல்ல. சென்ற ஆண்டு வரை ஆங்கிலத்தையே எழுதிப் பழகிய ஒரு பிள்ளை தமிழில் அரும்பில் இருப்பது எனக்கு வியப்பாக இல்லை.

இனி என் வகுப்பில் ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். பிள்ளைகள் உள்ளே வந்ததும் மேசையிலுள்ள அட்டைகளில் தங்கள் பெயர் எதுவென்று தேடி எடுத்து, வருகைப் பலகையில் மாட்டுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதலில் வாசிக்கும் சொல் பெரும்பாலும் அதன் பெயர்தான். அதற்கடுத்து, அட்டையை மாற்றி எடுத்துச் சண்டை போட்ட தோழியின் பெயர். பிறகு கதை. பொம்மை பேசுவதைக் கேலியாகப் பார்ப்பவர்கள், எங்கள் வகுப்பில் எத்தனை மொழிகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள், வேலை தேடி வந்த குடும்பங்களின் இந்தி பேசும் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளையும் 'வூட்டாண்ட கீது' என்று பேசிவிட்டுப் புத்தகத்தில் 'வீட்டின் அருகில் இருக்கிறது' என்பதைச் சந்திக்கிறது. காதில் விழாத தமிழைக் கண்ணால் வாசிக்கச் சொன்னால், எழுத்துக்கூட்டிச் சத்தம் எழுப்புமே ஒழிய அதற்குப் பொருள் விளங்காது. அதற்காகத்தான் கதையும் பாட்டும் உரையாடலும். நான் ஒரு நாளும் அந்தப் பிள்ளையின் வீட்டுப் பேச்சைத் தவறு என்று சொல்வதில்லை. இரண்டையும் சொல்லிக் காட்டுவேன்.

எழுத்தை அகரவரிசையில் தொடங்குவதும் இல்லை. 'ட', 'ப', 'ம' ஆகியவை நேர்கோடுகளும் எளிய வளைவுமாக இருப்பதால் சின்ன விரலுக்கு எளிது. புள்ளியைச் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம் என்று அன்றே சொற்களும் கிடைத்துவிடுகின்றன. 'அ'வின் சுழியில் அழுது தொடங்குவதைவிட இது மேல். சுவரின் அடியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கருப்புப் பட்டையாகப் பலகை இருக்கிறது. அவரவர் பகுதியில் எழுதுவார்கள், நான் குனிந்து பார்த்து அங்கேயே திருத்துவேன், அழித்துவிட்டு மீண்டும் எழுதுவார்கள். பயிற்சி நூலிலும் எழுதுகிறார்கள். ஆகவே எழுத்து வேலை நடக்கிறது, ஐயா. அது நீங்கள் திறந்து பார்க்கும் நோட்டில் இல்லை, அவ்வளவுதான்.

மூலக்கடை அம்மா:

என் மகன் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவன் நோட்டு நிறைந்திருக்கிறது. பாடத்தில் இல்லாத ஒரு வரியைக் காட்டினால் அவனால் வாசிக்க முடியவில்லை. பார்த்து எழுதுவதை எழுதுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாலைநேர வகுப்பு:

ஆசிரியை அம்மாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அழித்துவிட்ட எழுத்தை வைத்து நான் எதை அறிவது? நோட்டு என்பது வெறும் கண்காட்சி அல்ல. ஜூனில் 'ழ' எப்படி இருந்தது, ஆகஸ்டில் எப்படி இருக்கிறது என்று தாயும் தந்தையும் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது. சுவரில் திருத்தினேன் என்பது ஆசிரியருக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது.

வீட்டுப்பாடம் பற்றியும் ஒரு சொல். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதை நான் எதிர்க்கவில்லை, நான்கு வயதில் இம்போசிஷன் எழுதவைத்த பள்ளிகளுக்கு அது தேவைதான். ஆனால் வீட்டில் எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகு, பள்ளியில் எழுதும் நேரம் கூடியிருக்க வேண்டும் அல்லவா? அங்கேயும் குறைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் குறைத்துவிட்டு, எஞ்சியதை என்னைப் போன்றவர்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறோம். என் பிழைப்புக்கு எதிராக நானே பேசுகிறேன் என்பதைக் கவனியுங்கள்.

பழைய வாத்தியார்:

இருவரும் பேசுவது எனக்குப் பழகிய வழக்கு. 2003இல் எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது செயல்வழிக் கற்றல் நம் சென்னைப் பள்ளிகளில்தான் தொடங்கியது. பெஞ்சை அகற்றிப் பாய் விரித்தோம். பாடநூலை அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி வரைந்த தாளைச் சுவரில் மாட்டி, பிள்ளை தன் படிக்கான அட்டையைத் தானே எடுக்கும்படி செய்தோம். அம்மா குறிப்பிடும் தாழ்வான கரும்பலகையும் அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிகளில் வந்ததுதான். பிறகு அது மாநிலம் முழுவதும் போயிற்று. அப்போதும் பெற்றோர் இதே கேள்வியுடன் பள்ளி வாசலில் நின்றார்கள்.

அதில் நான் கண்ட நன்மை உண்மையானது: வாத்தியாரைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவது நின்றது. குறையும் உண்மையானது. நாற்பது பிள்ளைகள் நாற்பது படிகளில் நின்றால், ஒருவரிடம் எழுத்துத் திருத்தும் வேளையில் மற்றவர்கள் அட்டையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஏறிக்கொண்டே போயிற்று, மெதுவாகக் கற்கும் பிள்ளை ஒரே படியில் மாதக்கணக்கில் நின்றது. ஆகவே அரும்பு, மொட்டு என்று பிரிப்பதைப் பற்றி எனக்குள்ள ஐயம் வேறு. பிரிப்பதில் தவறில்லை. அரும்பில் உட்கார்ந்த பிள்ளை எப்போது எழுந்து மொட்டுக்குப் போகிறது என்பதை யார் பார்க்கிறார்கள்? அரும்புக்கு எளிய வேலை, மொட்டுக்குக் கடினமான வேலை என்று ஆண்டு முழுவதும் கொடுத்தால் இடைவெளி கூடுமே தவிரக் குறையாது. பின்தங்கிய குழுவுக்குத்தான் ஆசிரியரின் நேரம் அதிகம் தேவை. ஆனால் அந்த நேரத்தில் மதிப்பீட்டைக் கைப்பேசிச் செயலியில் பதியச் சொல்கிறார்கள். சிக்னல் கிடைக்காத வகுப்பறையில் அதற்காகச் சன்னலோரம் போய் நிற்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரும்பலகைக்கு அருகில்:

செயலியைப் பற்றி ஐயா சொன்னதை மறுக்க மாட்டேன். டியூஷன் ஆசிரியருக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் அவர் எழுத்தையும் எழுதிக் காட்டுவதையும் ஒன்றாக வைக்கிறார்.

கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் நூறு வரை தவறின்றி எழுதி நிரப்பிய நோட்டுடன் வருகிற பிள்ளையிடம் 'நூற்று ஐந்து' எழுது என்றால், பலர் 1005 என்று எழுதுகிறார்கள். நூறு என்றால் 100, அதன் பக்கத்தில் ஐந்து. அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறார்கள். நோட்டில் எத்தனை பக்கம் எழுதினாலும் இந்தப் பிழை போகாது. குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தில் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெரிய கட்டாக்கி, ஐந்து உதிரிக் குச்சிகளைத் தனியே வைத்து, பத்துகளின் இடத்தில் ஒன்றுமே இல்லையே, அங்கே என்ன எழுதுவது என்று கேட்டால், பிள்ளை யோசித்துச் சுழியம் போடுகிறது. அந்தப் பாடம் முழுவதற்கும் நோட்டில் ஒரே ஓர் எண்தான் எழுதப்பட்டிருக்கும்.

புளியங்கொட்டையும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகளுக்குக் கூறு என்றால் தெரியும். சங்கராவும் நெத்திலியும் கூறு கட்டி விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு கூறுக்கு ஐந்து, நான்கு கூறுக்கு எத்தனை என்று கேட்டால் விரல் மடக்காமல் இருபது என்கிறார்கள். வாய்பாடு பிறகு வரும், வந்த பிறகு நிற்கும்.

மாலைநேர வகுப்பு:

கணக்கில் நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தமிழில் இருக்கிறது. ரகர றகரமும் லகர ளகர ழகரமும் குச்சி அடுக்கி விளங்கிக்கொள்ளும் செய்தி அல்ல. பேச்சில் பலருக்கும் வேறுபாடு கேட்பதில்லை, ஆகவே காதை நம்பியும் எழுத முடியாது. கண்டு, எழுதி, திருத்தப்பட்டு, மீண்டும் எழுதித்தான் பழக வேண்டும். நாள்தோறும் அரை மணி நேரம், ஐந்து சொற்கள், ஒரு சொற்றொடர், தேதியிட்ட நோட்டில். பக்கம் நிரப்பக் கேட்கவில்லை.

கரும்பலகைக்கு அருகில்:

இரண்டாம் வகுப்பின் இரண்டாம் பருவத்திலிருந்து அதை நான் செய்கிறேன். ஒன்றாம் வகுப்பில் ஜூன் மாதமே தொடங்கச் சொன்னால் மாட்டேன்.

கொருக்குப்பேட்டைவாசி:

மூலக்கடை சகோதரி சொன்னதைப் படித்துவிட்டு, மகளை வெளியே அழைத்துப்போகும்போதெல்லாம் கடைப் பெயர்ப்பலகைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். 'பால்', 'டீ', 'மளிகை' வாசித்தாள். 'இரும்புக் கடை'யில் 'ரு'வில் தடுக்கி நின்றாள். உயிர்மெய்யில் உகர வரிசை இன்னும் வரவில்லை என்று தெரிகிறது. ஆசிரியையைச் சந்தித்து அதைச் சொன்னேன். அவரே தம் பதிவேட்டை எடுத்து, உகர வரிசையைத்தான் குறித்திருப்பதாகக் காட்டினார். நோட்டைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. ஆனால் ஒன்றை அங்கே கண்டேன்: ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியையுடன் இருக்கின்றன. மற்றோர் ஆசிரியை விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.

பழைய வாத்தியார்:

கேட்க வேண்டிய இடம் அதுதான். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். விடுப்பில் உள்ளவருக்கு மாற்று ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மாலைநேர வகுப்பு:

கூடவே, தேதியிட்ட நோட்டையும் கேளுங்கள். மாற்று ஆசிரியர் வரும்வரை டியூஷனுக்கு அனுப்புவதாக இருந்தால், உகர வரிசை என்று அந்த ஆசிரியை பதிவேட்டில் குறித்திருப்பதை டியூஷன் எடுப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எங்களில் பலர் அதைக் கேட்காமலேயே 'அ'விலிருந்து தொடங்கிவிடுகிறோம்.