மூடிக்கிடக்கும் கழிவுநீர் நிலையத்தை இடிக்கலாமா?

கால்வாய்க்கரை:
கொழும்பு மாநகருக்குச் சற்று வெளியே இருக்கும் எங்கள் தொடர்மாடியின் சொந்தக் கழிவுநீர் நிலையம் 2022 மின்வெட்டுக் காலத்தில் நின்றுபோனது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் கரண்ட் இல்லை. காற்று ஊதும் இயந்திரமான புளோவர் ஓடாவிட்டால் தாங்கிக்குள் காற்று இல்லை. காற்று இல்லாமல் கிடந்தால் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். கரண்ட் ஒழுங்கான பிறகும் யாரும் அதைத் திரும்ப ஓட்டவில்லை. இப்போது இடித்துவிட்டு வாகனத் தரிப்பிடம் போட நிர்வாகக் குழு யோசிக்கிறது. நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். நிலையம்தான் மூடியிருக்கிறது, எங்கள் மலசலகூடங்கள் மூடவில்லை. அத்தனையும் நிலையத்தைச் சுற்றிப் போகும் பைபாஸ் குழாய் வழியாகச் சுத்திகரிக்காமலே பின்பக்கக் கால்வாயில் விழுகிறது. குழாய் வாயில் கறுப்புச் சேறு, அதன்மேல் சோப்பு நுரை. கொஞ்சம் தள்ளி ஆகாயத்தாமரை மூடித் தண்ணீரே தெரியவில்லை.

மூன்றாம் மாடி:
அண்ணா, கால்வாய் நாறுவது எனக்கும்தான் தெரியும், என் ஜன்னல் அந்தப் பக்கம். ஆனால் காசு யார் கொடுப்பது? புளோவர் இரவு பகலாக ஓட வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தையே பல வீடுகள் ஒழுங்காகக் கட்டுவதில்லை. நகரத்துக் கழிவுநீரை பம்ப் பண்ணி முகத்துவாரம், வெள்ளவத்தை என்ற இரண்டு இடங்களில் நீண்ட குழாய்களால் கடலுக்குள் விடுகிறார்கள். அந்த வலையமைப்பில் இணையக் கேட்போம். பி.ஓ.டி. அளவு, அதாவது அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஒட்சிசன், உள்நாட்டு நீர்நிலையில் விட லீற்றருக்கு 30 மில்லிகிராம், கரையோரக் கடலில் விட 100 என்று சட்டமே வித்தியாசம் வைத்திருக்கிறது. அப்புறம், குடிநீர் எடுக்கும் அம்பத்தளை களனி ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கிறது, எங்கள் கழிவு அங்கே போகாது.

கால்வாய்க்கரை:
தம்பி, நீங்கள் சொல்லும் 100 கடலுக்கு. எங்களுடையது இன்றைக்கு விழுவது கால்வாயில். கொழும்புக் கால்வாய்கள் தட்டை நிலத்தில் கிடப்பவை, மழை இல்லாத நாளில் தண்ணீர் நகர்வதே தெரியாது. வடக்கே களனிக்கும் முகத்துவாரத்துக்கும், தெற்கே வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் போய்ச் சேருமுன் வழியிலுள்ள சதுப்பு நிலங்களை எல்லாம் தொட்டுத்தான் போகும். 2018 இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்ததே அந்தச் சதுப்பு நிலங்களால்தான். அம்பத்தளையையும் அவ்வளவு லேசாக விட முடியாது. வரட்சியில் கடல்நீர் ஆற்றில் ஏறி வருவதால் அங்கே உப்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆறு எந்நேரமும் கீழ்நோக்கியே தள்ளும் என்று நம்பி இருக்கலாமா? நகரக் குழாய் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாநகர எல்லைக்கு வெளியே இருக்கும் எங்களுக்கு அது வரும்வரை?

தாங்கி மேற்பார்வை:
நான் ஒரு ஹோட்டலில் இப்படியான நிலையத்தைத்தான் ஓட்டுகிறேன். சுவிட்சைப் போட்டதும் வேலை செய்யும் சாமான் இல்லை இது. முதலில் தாங்கியில் வெடிப்பு இருக்கிறதா, காற்று விடும் டிஃபியூசர்கள் அடைத்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிலையத்திலிருந்து நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும் சேற்றை பவுசரில் (தாங்கி லொறியில்) கொண்டுவந்து ஊற்ற வேண்டும். கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டலாம், சரியாகப் பிடிக்கச் சில வாரம் எடுக்கும். நல்ல சேறு மண்ணிறமாக இருக்கும், மழை விழுந்த மண் மாதிரி மணக்கும். கறுத்து, கூழ்முட்டை நாற்றம் அடித்தால் காற்றுப் போதவில்லை. ஒரு லீற்றர் ஜாடியில் எடுத்து 30 நிமிடம் வைத்துப் பாருங்கள்: சேறு கீழே படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் பயப்படத் தேவையில்லை. இதையெல்லாம் தினமும் பார்க்க ஆள் இல்லாவிட்டால் திறந்தும் பலன் இல்லை. அந்த விஷயத்தில் தம்பி சொல்வது சரி.

மூன்றாம் மாடி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். கரண்ட் பில்லும் ஆள் சம்பளமும் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கூட்டத்துக்கு முன் தாளில் காட்டுங்கள். காட்டாவிட்டால் என் வாக்கு இடிப்பதற்குத்தான்.

கால்வாய்க்கரை:
காட்டுகிறேன். தரிப்பிடத்துக்கு ஒதுக்கிய காசையும் அதே தாளில் பக்கத்தில் எழுதுவேன். ஆனால் கூட்டம் வரை பைபாஸை இப்படியே விட முடியாது. குழாயை அடைத்து, சேர்வதை பவுசரில் ஏற்றி அனுப்ப இந்த வாரமே குழுவிடம் கடிதம் கொடுக்கிறேன். அதில் நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா?