நிரல் எழுதத் தெரியாமல் லிப்ரெஓபிஸுக்குப் பங்களிக்க எங்கே தொடங்குவது?

வாசல்படி:
லிப்ரெஓபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் ரைட்டர் (ஆவணம் எழுத), கால்க் (கணக்குத்தாள்) இரண்டும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். தமிழ்த் தட்டச்சு நன்றாக வரும், நிரல் வராது. வாரம் 3 மணி நேரம் ஒதுக்க முடியும். தமிழாக்கத்தில் சேரலாமா, வேறு வேலை உண்டா? புதியவர்கள் எதில் சறுக்குகிறார்கள்?

மெய்ப்புள்ளி:
தமிழாக்கம் வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது. இடைமுகமும் (மெனு, செய்திகள்) உதவிப் பக்கங்களும் தனித்தனித் திட்டங்கள். இடைமுகத்தை முதலில் எடுங்கள், உதவி பெருங்கடல். ஒரேயடியாக 500 வரி இடவேண்டாம். 20 வரியைப் பரிந்துரையாக இட்டு, குழுவில் உள்ளவர் திருத்தினால் அந்தச் சொல்லையே மற்ற இடங்களிலும் பின்பற்றுங்கள். ஒரே கட்டளை ஒரு மெனுவில் ‘சேமி’, இன்னொன்றில் ‘காப்பாற்று’ என்று இருந்தால் பயனர்தான் தடுமாறுவார்.

அதிகம் சறுக்குவது மாறிகளில். சதவீதக் குறியோடு வரும் சொல்லைத் தமிழாக்கக் கூடாது. நிரல் ஓடும்போது அந்த இடத்தில் ஒரு பெயர் வந்து உட்காரும். வேற்றுமை உருபையும் அதில் ஒட்டக் கூடாது. வரப்போகும் பெயர் எந்த எழுத்தில் முடியும் என்று நமக்குத் தெரியாதே, புணர்ச்சி எப்படிச் சரியாக வரும்? மாறிக்குப் பின் ‘என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று எழுதினால் உருபு ‘கோப்பு’ மீது ஏறிவிடும். எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் கெடாது.

மெனுப் பெயர்களில் நிற்கும் அலைக்குறி (~), ஆல்ட் விசையோடு அழுத்த வேண்டிய எழுத்தைக் குறிக்கும். பக்கத்து வரிகளில் அதை எப்படி வைத்திருக்கிறார்களோ அப்படியே வையுங்கள்.

கொம்புகால்:
தட்டச்சிலும் ஒன்று. ‘மௌனம்’ என்பதில் வருவது ஔகாரக் குறி, ஒரே குறியீடு. பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக ‘மெளனம்’ என்று அடிக்கிறார்கள். கண்ணுக்குப் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. தமிழாக்கத்தில் இதை விட்டுவிட்டால் பதிப்புக்குப் பதிப்பு தொடரும்.

பிழைவலை:
தமிழாக்கத்தைவிட ஆள் தேவைப்படும் இடம், மென்பொருள் வழுக்களை (பிழைகளை) பதியும் தளமான பக்சில்லா என்பேன். உறுதிப்படாத வழுக்களில் தமிழ் எழுத்து சம்பந்தப்பட்டதைத் தேடுங்கள். கொம்பு இடம் மாறியதா, பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து உடைகிறதா என்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த கண்தான் சொல்லும்.

புதிய பதிப்பை நிறுவி, அறிக்கையில் உள்ள படிகளை அப்படியே செய்து பாருங்கள். பிறகு உதவி மெனு வழியாக, உங்கள் அமைப்புகளும் நீட்சிகளும் (கூடுதலாகச் சேர்த்த வசதிகள்) இல்லாமல் திறக்கும் பாதுகாப்புப் பயன்முறையில் மீண்டும். அங்கே வழு மறைந்தால் பெரும்பாலும் குறை பயனர் அமைப்பிலோ நீட்சியிலோ இருக்கும். பதிப்பு விவரத்தை ‘பற்றி’ சாளரத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். எழுத்துருவின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்; அது இல்லாத கணினியில் வேறு எழுத்துரு ஏறி, வழுவே தெரியாமல் போகும். மாதிரிக் கோப்பு ஒரே பக்கம் போதும். பதிவில் இணைத்த கோப்பை யாரும் திறக்கலாம், ஆகவே அலுவலகக் கடிதத்தை அப்படியே ஏற்ற வேண்டாம்.

முடிந்தால் லிப்ரெஓபிஸின் பழைய பதிப்புகள் உள்ள காப்பகத்திலிருந்து ஒன்றை இறக்கியும் பாருங்கள். ‘முன்பு சரியாக இருந்தது, இந்தப் பதிப்பில் கெட்டது’ என்ற ஒரு வரி, நிரலாளர் தேட வேண்டிய பரப்பை வெகுவாகச் சுருக்கிவிடும்.

வாசல்படி:
நானே பதிந்த வழுவை நானே உறுதிப்படுத்தலாமா?

பிழைவலை:
கூடாது. வேறொருவர் தன் கணினியில் செய்து பார்த்த பிறகே நிலையை மாற்ற வேண்டும். ஒரு பதிவில் ஒரே வழுதான். இரண்டைச் சேர்த்து எழுதினால் ஒன்று சரியானதும் பதிவை மூடிவிடுவார்கள், மற்றது அப்படியே நின்றுவிடும்.