பிரிண்ட் சர்வர் வரிசையில் சிக்கிய சலான்

கேள்வி:
கிண்டியில் எங்கள் ஆபீசில் 14 பேருக்கு ஒரே பிரிண்ட் சர்வர், விண்டோஸ் சர்வர் 2019. காலையிலிருந்து ஒரு டெலிவரி சலான் வரிசையின் தலையில் உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. கேன்சல் கொடுத்தால் ‘டெலீட்டிங்’ என்று காட்டுகிறது, அவ்வளவுதான். பின்னால் 23 வேலைகள். கீழே லாரி டிரைவர் வெயிலில் நிற்கிறார், மனசு கேட்கவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் பண்ண வழியில்லை. கணக்கு சாஃப்ட்வேரான டேலியும் அதில்தான் ஓடுகிறது.

பதில் 1:
ரீஸ்டார்ட் வேண்டாம் சார். சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் சர்வீஸ்) மட்டும் நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். ஒவ்வொரு வேலைக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் ஜோடி ஃபைல் இருக்கும். ஃபைலில் காட்டும் நேரத்தைப் பார்த்து அந்தச் சலானின் ஜோடியை மட்டும் அழியுங்கள். மொத்தமாக அழித்தால் மற்ற 23-ம் போய்விடும். பிறகு ஸ்பூலரை ஸ்டார்ட் பண்ணுங்கள்.

கேட்டவர்:
9.42 மணி ஜோடியை எடுத்தேன். மெஷின் உறுமியது, தாள் வர ஆரம்பித்துவிட்டது! சலானை மறுபடி அனுப்பி, டிரைவர் கையில் கொடுத்தாயிற்று. ரொம்ப நன்றி சார். ஆனால் இன்னொரு பிரிண்டர் ஆன் ஆகியிருந்தும் ‘ஆஃப்லைன்’ என்கிறது.

பதில் 2:
அந்தப் பிரிண்டருக்குப் பிங் போகிறதா, அதாவது நெட்வொர்க்கில் அது பதில் தருகிறதா பாருங்கள். போனால், போர்ட் செட்டிங்கில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் (பிரிண்டரின் நிலையை நெட்வொர்க் வழியாகக் கேட்கும் வசதி) டிக்கை எடுத்துப் பாருங்கள். எனக்குப் பலமுறை அதுதான் காரணம்.